அனுபவம்: இல்லை

எட்டு ஆண்டுகள் நான் இயற்பியல் கற்பித்ததாக ஒரு பள்ளியின் பதிவேடு சொல்லும். அந்தப் பள்ளிக்குள் நான் கால் வைத்த நாட்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணி முடித்துவிடலாம்.

தொண்ணூற்றெட்டில் பி.எட். முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுத் தேனியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளனாகச் சேர்ந்தேன். படிப்பை விட்டு நின்ற பிள்ளைகளை ஊர் ஊராகத் தேடிப் பிடித்து மறுபடி பள்ளியில் சேர்ப்பது எங்கள் வேலை. அப்படி அலைந்தபோதுதான் பண்ணைப்புரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் புதிதாகத் தொடங்கியிருந்த மெட்ரிகுலேஷன் பள்ளியின் தாளாளர் பழக்கமானார். வாழைத்தார் வியாபாரத்தில் சம்பாதித்ததைப் பள்ளிக்கூடத்தில் போட்டவர். அங்கீகாரம் பெறுவதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும். அவர் கொடுத்த சம்பளத்துக்கு அப்படிப்பட்டவர்கள் வரவில்லை.

"தம்பி, ஒங்க சர்டிபிகேட்டு பீரோவுல சும்மாதான தூங்குது. இங்கன வந்து தூங்கட்டுமே" என்றார்.

இந்த வழக்கம் எங்கள் பள்ளத்தாக்கில் புதியதல்ல. பட்டமும் பயிற்சியும் உள்ளவன் சான்றிதழைக் கொடுப்பான். அது இல்லாதவர் வகுப்பில் நின்று பாடம் நடத்துவார். ஆய்வு நடக்கும் நாளில் மட்டும் சான்றிதழுக்கு உரியவன் வந்து நிற்பான். நான் யோசிக்காமல் சம்மதித்தவன் அல்லன். பள்ளி இல்லாவிட்டால் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவார்கள், அவர்களைத் தேடி மறுபடி நானேதான் அலையவேண்டும் என்று எனக்குள் வாதாடினேன். அது பொய்யான வாதமும் அல்ல. தீபாவளிக்கு முன்னால் ஓர் உறையும் சட்டைத் துணியும் வீட்டுக்கு வரும். அவற்றை அந்த வாதத்தில் நான் சேர்த்துக்கொள்ளவில்லை. ஓர் அலுவலகத்தின் பதிவில் நான் வேலையில்லாதவன், இன்னொன்றின் பதிவில் பட்டதாரி ஆசிரியன் என்பதையும் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

என் பெயரில் பாடம் நடத்தியவர் ஒரு டீச்சர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், இயற்பியலில் இளங்கலை, அதே ஊரில் வாக்கப்பட்டவர். கணவர் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டினார். ஒரே மகள்.

முதல் ஆய்வு நாளன்று காலை எட்டு மணிக்கே என்னை வரச்சொல்லியிருந்தார்கள். டீச்சர் தாழ்வாரத்தில் பாடக்குறிப்பேட்டோடு நின்றார். ஆண்டு முழுவதும் வாராவாரம் அவர் எழுதி வைத்தது. பாடம் ஆங்கிலத்தில் இருக்கும். பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய உதாரணங்கள் ஓரத்தில் தமிழில் இருக்கும். ஒவ்வொரு வாரத்தின் அடியிலும் நான் கையெழுத்துப் போடவேண்டும். ஒரே நாளில் போட்டது தெரியாமல் இருக்க மூன்று பேனா வைத்திருந்தார்.

"ஆடி மாசம் வரைக்கும் நீலம். அப்புறம் கறுப்பு. நடுவுல நாலு வாரம் மை மங்கலா இருக்கட்டும் சார்."

நான் எப்போதும் தமிழில்தான் கையெழுத்திடுவேன். அப்படியே போட்டு முடித்தேன்.

"ஒம்பதாம் வகுப்பு, அழுத்தம். நேத்துத்தான் ஆரம்பிச்சிருக்கேன்" என்றார். "அணைச் சுவரு அடியில ஏன் தடிமனா இருக்குன்னு மட்டும் கேளுங்க. முன் வரிசையில ரெட்டைச் சடை போட்ட பிள்ள பதில் சொல்லும். அதுக்கு மேல போயிறாதீக."

கேட்டேன். இரட்டைச் சடைப் பிள்ளை எழுந்து, ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் கூடும் என்று தெளிவாகச் சொன்னாள். ஆய்வுக்கு வந்தவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். எல்.கே.ஜி. அறையைக் கடந்தபோது, அழுகிற குழந்தை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு டீச்சர் ஆயாக்களோடு சுவரோரம் நின்றதைப் பார்த்தேன். வந்தவர் அவரைக் கவனிக்கவில்லை.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது, "சாக்பீஸ ஏன் சார் பீடி கணக்கா புடிக்கிறீக?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆண்டுதோறும் இது நடந்தது.

இரண்டாயிரத்து மூன்றில் அவர் அஞ்சல்வழியில் பி.எட். முடித்தார். விடுமுறைகளில் மூன்று பேருந்து மாறிப் போய், விடிய விடியப் படித்து எழுதியது. தேனியில் என் அலுவலகத்துக்கே லட்டுப் பொட்டலத்தோடு வந்து சொன்னார். வாழ்த்தினேன். இனி என் சான்றிதழ் அங்கே தேவையில்லை, அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவர் பெயரைப் போடச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது. தாளாளரிடம் கேட்டும் இருக்கிறார். "இருக்குற பேரு இருக்கட்டும்மா. நடுவுல மாத்துனா நூறு கேள்வி கேப்பாக" என்று பதில் வந்திருக்கிறது. பயிற்சி பெற்றவர் என்று ஏற்றால் சம்பளத்தையும் ஏற்றவேண்டும் என்பது சொல்லப்படாத காரணம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அந்த ஆண்டு ஆய்விலும் நான் போய் மூன்று பேனாவால் கையெழுத்துப் போட்டேன். அவர் குறிப்பேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த மழைக்காலத்தில் குமுளி மலைச்சாலையில் அவருடைய கணவரின் ஜீப் சறுக்கிப் புரண்டது. உயிர் தப்பினார், வலது கால் இனி ஊன்ற உதவாது என்றார்கள். வீட்டில் சம்பாதிப்பவர் டீச்சர் ஒருவர்தான் என்றானது.

எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருந்து மாலத்தீவுக்கு ஆசிரியர்கள் போவது அப்போது சாதாரணம். மருந்து வாங்கக் குமுளிக்குப் போன இடத்தில் ஒரு மலையாளி நர்ஸ் சொல்லித்தான் டீச்சர் அந்த ஏஜென்டைப் பார்த்தார். ஒரு லாட்ஜின் மாடியில் நேர்காணல் நடந்தது. கரும்பலகைகூட இல்லாமல், ஒரு தண்ணீர் டம்ளரையும் பென்சிலையும் வைத்து ஒளிவிலகலை நடத்திக் காட்டியிருக்கிறார். உடனே தேர்வு செய்துவிட்டார்கள்.

ஏஜென்ட் சம்பளக் கணக்கை விளக்கியிருக்கிறார். வெளிநாட்டு ஆசிரியருக்குப் பட்டத்துக்கு ஒரு படி. பயிற்சிக்கு ஒரு படி. பயிற்சிக்குப் பின் இரண்டு ஆண்டு அனுபவம் இருந்தால் மேலும் ஒரு படி. அந்த ஒப்பந்தத்தில் மேல்படிக்காரர் குடும்பத்தைக் கூட அழைத்துக்கொள்ளலாம், வீடு தருவார்கள். கீழ்ப்படிக்கு ஒருவருக்கு மட்டும் அனுமதி. இருவர் பங்கிட்டுக்கொள்ளும் அறை.

"டிகிரி ஓகே, பி.எட். ஓகே. எக்ஸ்பீரியன்ஸ் மாத்திரம் வேணும், டீச்சரே" என்றிருக்கிறார். அந்த அனுபவச் சான்றில் பள்ளியின் முத்திரை போதாது. கல்வி அலுவலகத்தின் மேலொப்பமும் வேண்டும். அலுவலகம் தன்னிடம் இருக்கிற ஆசிரியர் பட்டியலைப் பார்த்துத்தான் மேலொப்பம் இடும். அந்தப் பட்டியலில் இயற்பியலுக்கு நேரே என் பெயர் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் டீச்சர் என் அலுவலகத்துக்கு வந்தார். திருத்தவேண்டிய விடைத்தாள் கட்டும் கையில் இருந்தது.

"ஒரு தாளு எழுதித் தரணும் சார். அங்கன வேலை பாத்தது நீங்க இல்ல, நான்தான்னு. அதை வச்சு ஆபீசுல கேட்டுப் பாக்கேன். இருவது நாள் டயம் குடுத்திருக்காக."

"தாளாளர் என்ன சொன்னாக?"

"அவுக எதுக்குச் சொல்றாக. ஒங்களத்தான் கேக்க வந்தேன்." பிறகு சொன்னார்: "தனியாப் போறதுன்னா போயிருவேன். ஆனா அவுகளுக்குக் கழிப்பறைக்குப் போக ஆள் துணை வேணும். மக ஆறாப்பு. அந்த வேலையப் பெறகு அவதான் பாக்கணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

விளைவுகளை எண்ணிப் பார்க்காமல் எதையும் செய்யக்கூடாது என்பது என் நெடுநாள் கொள்கை. ஒரு தாளின் இரு புறமும் எழுதினேன். கடிதம் கொடுத்தால் பள்ளியின் அங்கீகாரம் போகக்கூடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வு எழுதுவது கேள்வியாகும். தாளாளர் மீதும் என் மீதும் வழக்கு வரலாம். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் மூப்புப் பட்டியலில் என் முறை நெருங்கிக்கொண்டிருந்தது; அரசுப் பணிக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு எப்போதும் வரலாம். கொடுக்காவிட்டால் ஒரு குடும்பம் மூன்றாண்டு பிரிந்திருக்கும். ஒரு பக்கம் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், மறுபக்கம் ஒரே ஒரு பிள்ளை என்று எழுதியபோது தீர்ப்பு தெளிவாகத் தெரிந்தது. அந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அடியில் என் வேலையையும் ஒளித்து வைத்திருந்தேன் என்பதைப் பின்னர்தான் ஒப்புக்கொண்டேன்.

இடையில் தாளாளரைப் போய்ப் பார்த்தேன். மண்டியில் தார்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பிள்ளைக்கு நானும் நல்லதுதான் நினைக்கேன். நீங்க எழுதிக் குடுங்க, தடுக்க மாட்டேன்" என்றார் நிதானமாக. "ஆனா ஒரு ஆபீசுல வேலை இல்லாதவன்னு பதிஞ்சிருக்கீக. இன்னொரு ஆபீசுல எட்டு வருசமாச் சம்பளம் வாங்கிக்கிட்டு இருக்கீக. ரெண்டும் ஒரே கையெழுத்து. அதையும் யோசிச்சுக்கங்க, தம்பி."

கூடவே ஒன்று சொன்னார். வேறு ஓர் ஏஜென்ட் அதே பட்டியலைப் பார்த்துவிட்டு, எட்டாண்டு அனுபவமுள்ள இயற்பியல் ஆசிரியர் மாலத்தீவுக்கு வருவாரா என்று என்னை விசாரித்தானாம். மேல்படி, வீடு. நான் உடனே மறுத்தேன். பேருந்தில் திரும்பும்போது அந்த மறுப்பு எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. டீச்சருடைய ஆண்டுகளைக் கொண்டுபோய் அவருக்குரிய இடத்தில் நான் உட்காரவில்லை அல்லவா. எனக்கு எந்தச் செலவும் வைக்காத ஒரு நேர்மையை அன்று சின்னமனூர் வரைக்கும் அணைத்துக்கொண்டு வந்தேன்.

பதினெட்டாம் நாள் டீச்சர் வீட்டுக்குப் போனேன். கணவர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். டீச்சர் தரையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் காரணங்களை ஒவ்வொன்றாக வரிசையாகச் சொன்னேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் தொடங்கினேன். அவர் திருத்துவதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும் கூட்டல் போட்டு மதிப்பெண்ணை வட்டமிட்டார்.

"சரி சார். காப்பி குடிக்கீகளா?"

கட்டிலில் இருந்தவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "பதினெட்டு நாளு யோசிச்சிருக்காரு. வேண்டாம்னு சொல்லத்தான்னா அன்னைக்கே சொல்லிருக்கலாமே. வேற வழி பாத்திருப்போம்ல."

அதற்கு என் தாளில் இடம் இல்லை. காப்பி குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

குமுளியில் விண்ணப்பத்தை நிரப்பும்போது அனுபவம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதச் சொன்னார்களாம். டீச்சர் தன் கையால் எழுதிக் கீழே கையொப்பமும் இட்டிருக்கிறார். அந்த ஆண்டே தனியாகப் போனார்.

மறு ஆண்டு எனக்கு ஆணை வந்தது. மயிலாடும்பாறைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப்பள்ளி. சேருவதற்கு முன் சான்றிதழைத் திரும்ப வாங்கப் போனபோது தாளாளர் ஒரு சாக்குப்பையையும் சேர்த்துக் கொடுத்தார். எட்டுப் பாடக்குறிப்பேடுகள் இருந்தன. "ஒங்க கையெழுத்து கிடக்கு. ஒங்ககிட்ட இருக்குறதுதான் எல்லாருக்கும் நல்லது." எரித்துவிடச் சொல்கிறார் என்று புரிந்தது. எரிக்கவில்லை, காரணம் மனசாட்சி அல்ல. அடுத்த திங்கட்கிழமை நான் வகுப்பில் நிற்கவேண்டும். பி.எட். முடித்தபின் ஆண்டுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் நான் எந்த வகுப்பிலும் நின்றதில்லை.

அந்தக் குறிப்பேடுகளைப் பார்த்தே கற்பித்தேன். எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள், எங்கே நிறுத்திக் கேள்வி கேட்கவேண்டும், எந்தக் கணக்கை முதலில் போட்டால் பயம் விலகும் என்பதெல்லாம் ஓரங்களில் எழுதியிருந்தது. முதல் அரையாண்டு முடிவில் தலைமையாசிரியர் என் வகுப்பில் உட்கார்ந்து கவனித்துவிட்டு, "புதுசாச் சேந்தவரு மாதிரி இல்ல. அனுபவம் தெரியுது" என்றார். நன்றி சொன்னேன்.

உராய்வுப் பாடத்தில் ஓர் உதாரணம் இருந்தது. மழை நாளில் குமுளி மலையில் ஜீப் ஏறும்போது சக்கரம் சுற்றும், வண்டி நகராது. தார்ச்சாலைக்கும் டயருக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து பிடிமானத்தைக் குறைத்துவிடுகிறது என்று விளக்கமாக எழுதி, பிற்பாடு அதன் மேல் டீச்சர் ஒரே கோடு இழுத்து அடித்திருந்தார். பக்கத்தில் வேறு மையில் 'கிணற்று உருளை, கயிறு' என்று சுருக்கமாக இருந்தது. கோடு ஏன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஜீப் உதாரணம்தான் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடித்தது. ஆண்டுதோறும் அதையே சொன்னேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில், ஒப்பந்தம் முடிந்து விடுமுறையில் வந்த டீச்சர் என்னைத் தேடி அந்தப் பள்ளிக்கு வந்தார். அவர் வந்ததை முதலில் நான் பார்க்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி, மழையில் குமுளி மலை ஏறும் ஜீப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் பார்வை சன்னல் பக்கம் போனபின்தான் திரும்பினேன். சன்னலுக்கு வெளியே நின்றிருந்தார். இளைத்திருந்தார்; வெயில் முகத்தைக் கறுக்கவைத்திருந்தது.

மணி அடித்ததும் வெளியே வந்தேன். வணக்கத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் சொல் இதுதான்:

"அதை அடிச்சு விட்டிருந்தேனே சார்."

வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து தீவைப் பற்றிப் பேசினார். ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரிகிற தீவு. அறையைப் பங்கிட்டவள் கேரளத்துப் பெண். தொடக்கத்தில் ஒரு வகுப்பை அடக்கக்கூடத் தெரியாது. டீச்சர்தான் இரவெல்லாம் சொல்லிக்கொடுத்தார். இரண்டாண்டு அனுபவச் சான்று இருந்ததால் அவளுக்கு மேல்படி; ஆறு மாதத்தில் வீடு கொடுத்து, புருசனும் வந்துவிட்டான்.

"பதினோரு வருசம் பாடம் நடத்திட்டேன். அங்கன காயிதத்துல மூணுதான் இருக்கு. மறுபடி போகும்போது ஒரு படி ஏறும்னு சொல்றாக."

"அப்ப மகளையும் அழைச்சிட்டுப் போகலாமே?"

"அவ ஒம்பதாப்பு. இனிமே வர மாட்டேங்கா. அப்பாவ விட்டு வர மாட்டேங்கா, என்கூட ஒக்காந்து பேசவும் மாட்டேங்கா. மூணு வருசமா அவதான வீட்டப் பாக்கா. எனக்கே சோறு போட்டுட்டு, ஒறப்பு போதுமாம்மான்னு கேக்கா சார். விருந்தாளியக் கேக்குற மாதிரி."

அந்தக் கடிதத்தை இப்போது எழுதித் தருகிறேன் என்றேன். உண்மையாகவே சொன்னேன். எழுதுவதற்குப் பேனாவையும் எடுத்தேன்.

அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "இப்ப எழுதுனா ஒங்க வேலை போகும். எனக்கும் ஒண்ணும் ஆகாது, பழைய சர்வீசு கேக்குற காலம் முடிஞ்சுபோச்சு. ரெண்டு பேருக்கும் நட்டம்னா எதுக்கு ஒரு தாள வீணாக்கணும்?" பதினெட்டு நாள் நான் போட்ட கணக்கை அவர் ஒரே மூச்சில் போட்டு முடித்தார். "நான் வந்தது அதுக்கு இல்ல. என் நோட்டு ஒங்ககிட்ட இருக்காம்ல. தாளாளரு சொன்னாக. அங்கன ஒவ்வொரு வருசமும் புதுசா எழுத முடியல, கண்ணு வலிக்கிது. குடுத்தீகன்னா கொண்டுபோயிருவேன்."

ஆசிரியர் அறை அலமாரியில் இருந்து எட்டையும் எடுத்து வந்தேன். இரண்டாண்டில் என் விரல்பட்டு ஓரங்கள் அழுக்கேறியிருந்தன. அவர் ஒன்றைப் புரட்டினார். நீலம், கறுப்பு, மங்கல். வாரந்தோறும் அடியில் என் பெயர்.

"இதையெல்லாம் அடிச்சுத் தந்திரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். கிடக்கட்டும்" என்று மூடினார். "அங்கன தமிழு வாசிக்க ஆளு இல்ல."

துணிப்பையில் அடுக்கிக்கொண்டு ஆண்டிபட்டிப் பேருந்துக்கு நடந்தார். பையைத் தூக்க வருகிறேன் என்றதற்கும், வேண்டாம் சார், கனமில்ல என்றார். கனம்தான் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் அழுத்தம் தொடங்கவேண்டிய நாள். மேசையில் குறிப்பேடு இல்லை. அணைச் சுவர் அடியில் ஏன் தடிமனாக இருக்கிறது என்று கேட்டேன். முன் வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து பதில் சொல்லிவிட்டு, நான் அடுத்துச் சொல்லப்போவதற்காக நின்றுகொண்டே இருந்தாள். பாடம் முழுவதும் எனக்கு மனப்பாடம். இருந்தும் அதற்கு மேல் போக நேரம் பிடித்தது.